கேம்பர் வேனுக்கு எந்த ஆனிங்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் கேம்பர் வேன் (உள்ளேயே தூங்கவும் சமைக்கவும் வசதியுள்ள வேன்) வாங்கிய நண்பர்களும் உறவினர்களும் வேனைப் பற்றிக் கேட்பதைவிட ஆனிங்கைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். வேன் வாங்கும்போது கடைக்காரர் எல்லாம் சொல்லிக் கொடுத்துவிடுகிறார். வேனுக்கு வெளியே மழைக்கும் வெயிலுக்கும் போடும் ஆனிங் என்னும் அந்தக் கூரையைப் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை. திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கடையில் எல்லாரும் அளவையும் மழை தாங்கும் எண்ணையும்தான் பார்க்கிறார்கள். ஒரே இடத்தில் எத்தனை இரவு தங்குவீர்கள், அங்கே காற்று எப்படி அடிக்கும் என்ற இரண்டையும் யோசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

1. வேனுக்குள்ளேதானே தூங்கப் போகிறோம், ஆனிங் எதற்கு?

தூங்குவதற்கு வேன் போதும். தூங்காத நேரத்துக்குத்தான் ஆனிங். ஃபோக்ஸ்வேகன் டிரான்ஸ்போர்ட்டர் அளவுள்ள வேனில் படுக்கையை விரித்துவிட்டால் நிற்க இடமிருக்காது. மழை நாளில் நான்கு பேரின் ஈரச் செருப்பு, ஈரக் கோட்டு, சமையல் சாமான், பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் எங்கே போகும்? கோடையிலும் தொடர்ந்து இரண்டு நாள் மழை பெய்யக்கூடிய நாடு இது. வெளியே ஒரு கூரை இருந்தால்தான் பயணம் பயணமாக இருக்கும்.

இரண்டே பேர், ஒன்றிரண்டு இரவு, நல்ல வானிலை என்றால் ஆனிங் இல்லாமலே போய் வாருங்கள். முதல் பயணத்தை அப்படிச் செய்வது நல்லதும்கூட. எது குறைகிறது என்று தெரிந்த பிறகு வாங்கினால் பணம் வீணாகாது.

2. எத்தனை வகை இருக்கிறது? கடையில் பார்த்தால் தலை சுற்றுகிறது.

ஐந்து வகையில் அடக்கிவிடலாம். முதலாவது நிழல் துணி: ஒரே விரிப்பு, ஒரு பக்கம் வேனில் மாட்டும், மறுபக்கம் இரண்டு கம்பு. இரண்டாவது சுருள் ஆனிங்: வேனின் பக்கவாட்டில் ஒரு நீளப் பெட்டி நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கும், கைப்பிடியைச் சுற்றினால் கூரை வெளியே வரும். ஃபியாமா, தூலே என்ற பெயர்களை வேன்களின் மேல் பார்த்திருப்பீர்கள், அவை இதுதான். மூன்றாவது டிரைவ்-அவே ஆனிங்: தனியாக நிற்கும் முழுக் கூடாரம், வேனுடன் ஒரு துணி நடைவழியால் (இணைப்பு நடை) இணையும், வேனைக் கழற்றி ஓட்டிக்கொண்டு போகலாம், கூடாரம் அங்கேயே நிற்கும். நான்காவது பின்கதவில் மாட்டும் சிறு கூடாரம். ஐந்தாவது வேனுடன் சம்பந்தமே இல்லாமல் தனியாக நிற்கும் ஷெல்டர் அல்லது தார்ப்பாய்.

விலை ஏறக்குறைய இப்படி இருக்கும்: நிழல் துணி 60 முதல் 150 பவுண்ட். கம்பு வைத்த டிரைவ்-அவே 250 பவுண்டில் தொடங்கும். கம்புக்குப் பதிலாகக் குழாய்களில் காற்றடித்து நிமிர்த்தும் வகை 400 முதல் 1,200 வரை போகும். சுருள் ஆனிங் 600 முதல் 1,000, பொருத்துக் கூலி தனி.

3. சரி, எங்கள் குடும்பத்துக்கு எது?

தினமும் இடம் மாறுகிறவர்களுக்குச் சுருள் ஆனிங் அல்லது நிழல் துணி. இன்றைக்கு லேக் டிஸ்ட்ரிக்ட், நாளைக்கு கிளென்கோ, மறுநாள் ஸ்கை என்று போகிறவர் தினம் ஒரு மணி நேரம் கூடாரம் போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தால் மூன்றாம் நாள் அது பெட்டியைவிட்டு வெளியே வராது.

ஒரே முகாமில் மூன்று இரவுக்கு மேல் தங்கி, பகலில் வேனை எடுத்துக்கொண்டு சுற்றுகிறவர்களுக்கு டிரைவ்-அவே. பள்ளி விடுமுறையில் கார்ன்வாலிலோ வேல்ஸிலோ ஒரு வாரம் போடும் குடும்பங்களுக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். இரண்டு விதமாகவும் போகிறவர்கள் மலிவான நிழல் துணி ஒன்றும் நடுத்தர டிரைவ்-அவே ஒன்றும் வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்று பெரிதாக வாங்கியவர்கள்தான் பிறகு விற்கிறார்கள்.

4. சுருள் ஆனிங்குக்கு அவ்வளவு விலை கொடுக்கலாமா?

அடிக்கடி போகிறவர் என்றால் கொடுக்கலாம். இரண்டு நிமிடத்தில் கூரை வந்துவிடும், மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தினால்கூட விரிக்கலாம். வேனுக்குள் இடத்தை அடைக்காது. வேனை விற்கும்போதும் மதிப்பு இருக்கும்.

குறை இரண்டு. பக்கச் சுவர் கிடையாது. தனியாக வாங்கி மாட்டலாம், ஆனால் அதற்கான நேரமும் பணமும் சேர்ந்தால் டிரைவ்-அவே கணக்குக்கு வந்துவிடும். இரண்டாவது, காற்று. விரித்த கூரை ஒரு பாய்மரம் மாதிரி. அதைத் தாங்குவது இரண்டு மெல்லிய கையும் இரண்டு காலும்தான். இதைப் பற்றிப் பத்தாவது பதிலில் விரிவாகச் சொல்கிறேன்.

மழையில் ஒரு காலை மற்றதைவிட நன்றாகத் தாழ்த்தி வையுங்கள், தண்ணீர் ஒரு மூலையில் வழிந்துவிடும். சமமாக வைத்தால் நடுவில் தேங்கும். ஒரு சதுர மீட்டரில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 50 கிலோ. அந்தக் கைகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

5. "லோ", "மிட்", "ஹை" என்று போட்டிருக்கிறதே, எங்கள் வேனுக்கு எது?

வேனின் மொத்த உயரத்தைப் பார்க்காதீர்கள். ஆனிங் மாட்டும் இடம், அதாவது ரெயில் (வேனின் கூரையோரத்தில் உள்ள, பள்ளமுள்ள நீளச் சட்டம்) அல்லது மழைநீர்க் கால்வாய், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளங்கள். டிரான்ஸ்போர்ட்டர் டி5, டி6 மொத்தமே ஏறக்குறைய 1.99 மீட்டர் உயரம்தான். அவை "லோ"வில் வரும், அது பெரும்பாலும் 180 முதல் 210 சென்டிமீட்டருக்கானது. ஃபியட் டுகாட்டோ போன்ற உயரக்கூரை வேன்களுக்கு "ஹை". இடைப்பட்டவற்றில் கம்பெனிக்குக் கம்பெனி எல்லை மாறுகிறது, அதனால் பெட்டியில் உள்ள சென்டிமீட்டரைப் பாருங்கள், பெயரைப் பார்க்க வேண்டாம்.

தவறான உயரம் வாங்கினால் என்ன ஆகும்? உயரம் கூடினால் இணைப்பு நடை தொய்ந்து அதில் தண்ணீர் தேங்கும். குறைந்தால் துணி இழுபட்டுக் கூடாரத்தையே வேன் பக்கம் சாய்க்கும். மழை உள்ளே வருகிறது என்று சொல்கிறவர்கள் பலரிடம் உயரம்தான் தப்பாக இருக்கிறது.

6. கேடர், 4 எம்எம், 6 எம்எம் என்கிறார்கள். ஒன்றும் புரியவில்லை.

கேடர் என்பது உள்ளே தடித்த கயிறு போன்ற நரம்பு வைத்துத் தைத்த துணிப் பட்டை. வேனில் உள்ள ரெயிலின் பள்ளத்துக்குள் இதை ஒரு முனையிலிருந்து நுழைத்து இழுக்க வேண்டும். நரம்பின் பருமன்தான் அந்த எண். டிரைவ்-அவே ஆனிங்குகளில் பெரும்பாலும் 6 எம்எம் வரும். சுருள் ஆனிங் பெட்டியின் முன்பள்ளத்தில் மாட்டுவதென்றால் பெரும்பாலும் 4 எம்எம் தேவைப்படும். இரண்டையும் இணைக்க ஒரு பக்கம் 4, மறுபக்கம் 6 என்று இருக்கும் இணைப்புப் பட்டை தனியாகக் கிடைக்கிறது. முதலில் சிறு துண்டு கேடர் வாங்கி உங்கள் ரெயிலில் நுழைத்துப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

ரெயிலே இல்லாத வேனில் மூன்று வழி. டி2, டி25 போன்ற பழைய ஃபோக்ஸ்வேகன் வேன்களில் மழைநீர்க் கால்வாய் இருப்பதால் கம்பும் கிளிப்பும் வைத்து மாட்டலாம். காந்தப் பட்டையும் உண்டு. இரும்புக் கூரையில், அமைதியான நாளில் பிடிக்கும். மேலே தூக்கும் கூரைகள் பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ், அதில் காந்தம் ஒட்டாது. கடைசி வழி, கயிறுகளைக் கூரைக்கு மேலாகப் போட்டு மறுபக்கம் கட்டுவது. அது எந்த வேனிலும் வேலை செய்யும், ஆனால் வேனுக்கும் துணிக்கும் நடுவே மழை சொட்டும்.

7. எங்கள் வேனில் பக்கக் கதவு டிரைவர் பக்கம் இருக்கிறது. பிரச்சினையா?

ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான வேன்களில் இது சகஜம், அங்கே வலப்பக்கம்தான் நடைபாதைப் பக்கம். ஜப்பானிலிருந்து வரும் மாஸ்டா போங்கோ, டொயோட்டா அல்ஃபார்டு போன்றவற்றில் இந்தச் சிக்கல் இல்லை, அவர்களும் நம்மைப்போல இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள்.

சுருள் ஆனிங் என்றால் கதவு இருக்கும் பக்கத்துக்கே ஆர்டர் செய்யுங்கள். டிரைவ்-அவே வாங்குமுன் இணைப்பு நடை கூடாரத்தின் நடுவில் இருக்கிறதா, ஒரு ஓரமாக இருக்கிறதா என்று கேளுங்கள். ஓரமாக இருப்பது இடப்பக்கக் கதவுக்காக வடிவமைத்ததாக இருக்கலாம். முகாமில் பதிவு செய்யும்போதும் கதவு வலப்பக்கம் என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் ஆனிங் பக்கத்து வேனைப் பார்த்து நிற்கும்.

8. காற்றடிக்கும் ஆனிங்கா, கம்பு வைத்ததா?

காற்றடிப்பது ஒருவர் தனியாகப் போடக்கூடியது. பம்ப் வேலை ஐந்து, பத்து நிமிடம். கம்பு வைத்தது பழகும் வரை அரை மணி நேரம் ஆகும், இரண்டு பேர் வேண்டும். பலத்த காற்றில் காற்றுக் குழாய் வளைந்து மறுபடி நிமிரும். கம்பு ஒரு எல்லைக்கு மேல் முறிந்துவிடும். ஆனால் கம்பு வைத்தது எடை குறைவு, விலை குறைவு, முறிந்த துண்டை மட்டும் மாற்றலாம். சிறு பிள்ளைகளோடு தனியாகப் போகிறவர்களுக்குக் காற்றடிப்பதையே சொல்வேன்.

பலர் பயப்படும் ஒரு விஷயம்: இரவில் குளிர்ந்தால் குழாய்க்குள் அழுத்தம் குறையும், காலையில் கொஞ்சம் தளர்ந்து தெரியும். அது ஓட்டை இல்லை. அதேபோல ஸ்பெயின் வெயிலில் மதியம் அழுத்தம் ஏறும். காலையில் முழுதாக அடித்திருந்தால் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது வால்வு அருகே எழுதியிருக்கும். வாங்கோ கம்பெனி குழாய்களுக்கு 7 பிஎஸ்ஐ. மற்றவை கொஞ்சம் முன்பின் இருக்கும்.

9. 3000 எம்எம், 6000 எம்எம் என்று போடுகிறார்களே, அதிகம் இருந்தால் நல்லதுதானே?

துணியின் மேல் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினால் கசியத் தொடங்கும் என்பதுதான் அந்த எண். பிரிட்டன் மழைக்கு 3000 தாராளம். அதற்கு மேல் கொடுக்கும் பணத்தைத் தையல் ஓரங்கள் பட்டை ஒட்டி அடைக்கப்பட்டிருக்கிறதா, ஜன்னலும் காற்றோட்டமும் எப்படி என்று பார்ப்பதில் செலவழியுங்கள். துணியை நெய்த நூலின் தடிமனை டெனியர் எண் சொல்லும். 75 டெனியர் லேசு, வார இறுதிகளுக்குச் சரி. ஆண்டுதோறும் பல வாரம் வெயிலில் நிற்கப்போகிறது என்றால் 150 அல்லது அதற்கு மேல்.

"புதுசு, ஆனாலும் உள்ளே சொட்டுகிறது" என்று சொல்வார்கள். அநேகமாக அது மழை இல்லை, நம் மூச்சும் சமையல் ஆவியும் ஈரத் தரையும் சேர்ந்து குளிர்ந்த துணியில் படியும் நீர். மழையே பெய்யாத காலையிலும் உட்பக்கம் நனைந்திருந்தால் அதுதான் காரணம். மேலும் கீழுமாக இரண்டு காற்றுத் துளைகளை இரவிலும் திறந்து வையுங்கள்.

10. காற்று எவ்வளவு அடித்தால் மடக்க வேண்டும்?

எல்லாருக்கும் நான் வற்புறுத்திச் சொல்லும் பதில் இது. காற்றின் வேகம் இரட்டித்தால் அது துணியைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் "இப்போதுவரை நன்றாகத்தானே நின்றது" என்ற ஆனிங் பத்து நிமிடத்தில் வேனின் கூரைமேல் கிடக்கிறது. பிய்ந்த ஆனிங் வேனின் தகட்டையும் கிழிக்கும், பக்கத்துக் கூடாரத்தில் தூங்கும் பிள்ளை மேலும் விழும்.

மரத்தைப் பாருங்கள். இலையுள்ள சிறு மரங்கள் முழுதாக ஆடத் தொடங்கினால் அது காற்றின் வலிமையைச் சொல்லும் போஃபோர்ட் அளவில் 5, மணிக்கு 19 முதல் 24 மைல். சுருள் ஆனிங்கை அதற்கு முன்பே சுருட்டிவிடுங்கள். பெரிய கிளைகள் அசைந்து, குடை பிடிக்கச் சிரமமாக இருந்தால் அது 6, 25 முதல் 31 மைல். டிரைவ்-அவே நல்ல முளைகளோடும் எல்லாக் கயிறுகளோடும் நின்றால் இதைத் தாங்கலாம், ஆனால் கதவு ஜிப்புகளை எல்லாம் மூடியிருக்க வேண்டும். காற்று உள்ளே புகுந்தால் தூக்கிவிடும். பிரிட்டனின் வானிலை மையமான மெட் ஆபீஸின் மஞ்சள் எச்சரிக்கை காற்றுக்காக வந்திருந்தால் பகலிலேயே மடக்கி வைத்துவிட்டு வேனுக்குள் இருங்கள். இரவு இரண்டு மணிக்கு இருட்டில் அதைச் செய்வது ஆபத்தான வேலை. சுருள் ஆனிங்கை விரித்தபடி ஒருபோதும் தூங்கப் போகாதீர்கள், வெளியேயும் போகாதீர்கள்.

வேனை நிறுத்தும் திசையே பாதிப் பாதுகாப்பு. பிரிட்டனில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். இடப்பக்கக் கதவுள்ள வேனின் முகத்தைத் தென்கிழக்கு நோக்கி வைத்தால் ஆனிங் வடகிழக்கில், வேனின் மறைவில் நிற்கும். கோடையில் காலை வெயிலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும், ஈரம் சீக்கிரம் காயும்.

11. கூட வரும் முளைகள் போதாதா?

பெட்டியில் வரும் மெல்லிய வளைந்த கம்பிகள் மென்மையான புல்தரைக்கு மட்டும். சரளைக்கல் கொட்டிய தளத்தில் அவை இரண்டாவது அடியில் வளைந்துவிடும். அதற்குத் தடித்த எஃகு முளையும் நல்ல சுத்தியலும் வேண்டும். கடற்கரை மணலில் அகலமான முளை. வேல்ஸின் மலைப்பகுதியான ஸ்னோடோனியா பக்கம் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே கல் இருக்கும், அங்கே குட்டையான, உறுதியான முளைகள் நல்லது. சில முகாம்களில் மின்கம்பி தரைக்குள் ஓடுவதால் நீள முளைக்கு அனுமதி இல்லை, முதலில் கேட்டுவிடுங்கள்.

முளையின் தலை ஆனிங்கைவிட்டு விலகிச் சாய்ந்திருக்க வேண்டும், கயிறு தரையோடு ஏறக்குறைய 45 பாகையில் வர வேண்டும். புயல் பட்டை என்று விற்கும் அகலமான நாடாவை மூலைகளில் கூடுதலாகப் போடுங்கள். இருபது பவுண்ட் செலவில் இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறு இல்லை.

12. தரைவிரிப்பு வாங்கலாமா? புல் செத்துவிடும் என்று திட்டுகிறார்கள்.

பல முகாம்களில் காற்று புகும் தரைவிரிப்பை மட்டுமே அனுமதிக்கிறார்கள். முழு பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே புல் சில நாளிலேயே மஞ்சளாகிவிடும். தைத்து இணைத்த தரை உள்ள ஆனிங் என்றால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஓரத்தைத் தூக்கிக் காற்றாட விடுங்கள். பூச்சியும் ஓடும் நீரும் வராமல் இருக்கத் தைத்த தரை நல்லது. சமைக்கவும் செருப்போடு நடக்கவும் தனியாக எடுக்கக்கூடிய தரை நல்லது. இரண்டும் கலந்த ஆனிங்குகள் இருக்கின்றன.

13. பெரியதாக வாங்கிவிட்டால் கூடுதல் வசதிதானே?

முகாம் இடத்தின் அளவை யார் பார்ப்பது? இரண்டு வேன்களுக்கு நடுவே 6 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது பிரிட்டிஷ் முகாம்களில் பொதுவான தீப்பாதுகாப்பு விதி. ஆனிங் எல்லாம் போட்ட பிறகும் பக்கத்தவருடையதுக்கும் உங்களுடையதுக்கும் நடுவே 3 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். பெரிய ஆனிங் போட்டுவிட்டு இடைவெளியில் காரை நிறுத்தினால் முகாம் பொறுப்பாளரான வார்டன் வந்து எடுக்கச் சொல்வார். சில இடங்களில் ஆனிங்குக்குத் தனிக் கட்டணமும் உண்டு.

இன்னொன்று, பெரியது கனமானதும்கூட. காற்றடிக்கும் குடும்ப ஆனிங் 20 கிலோவைத் தாண்டும். 3,500 கிலோ வரம்புள்ள மோட்டார்ஹோமில் தண்ணீர், கேஸ், சைக்கிள் எல்லாம் ஏற்றிய பிறகு மிஞ்சும் சுமை வரம்பு பல வேன்களில் மிகக் குறைவு. 1997 ஜனவரி 1 முதல் கார் லைசென்ஸ் எடுத்தவர்கள் அந்த 3,500ஐத் தாண்டிய டீசல், பெட்ரோல் வண்டியைச் சாதாரண லைசென்ஸில் ஓட்டவும் முடியாது. எடை மேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.

14. அம்மா அப்பாவும் வருகிறார்கள். அவர்களை ஆனிங்கில் படுக்க வைக்கலாமா?

படுக்கை அறை இணைத்த டிரைவ்-அவேயில் படுக்கலாம். ஆனால் பெரியவர்களை வேனுக்குள் படுக்க வைத்துவிட்டு நீங்களும் பெரிய பிள்ளைகளும் ஆனிங்கில் படுப்பதே நல்லது. ஜூலையில்கூட இரவில் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் இடங்கள் உண்டு, தரையின் குளிர் முதுகில் ஏறும். காற்று மெத்தைக்குக் கீழே நுரைப்பாயோ கம்பளியோ போடாமல் யாரையும் படுக்க விடாதீர்கள். இரவில் கழிப்பறைக்கு எழுந்திருக்கிறவர்கள் கயிற்றில் தடுக்கி விழாமல் இருக்க, ஒளிரும் கயிறும் சிறு விளக்கும் வையுங்கள்.

15. ஆனிங்குக்குள் சமைக்கலாமா? தாளிக்காமல் எப்படிச் சாப்பிடுவது?

வேனுக்குள் கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்தால் அந்த வாசம் மெத்தையில் வாரக்கணக்கில் இருக்கும், அதனால் எல்லாரும் ஆனிங்குக்கு ஓடி வருகிறார்கள். சுவர் இல்லாத சுருள் ஆனிங்குக்குக் கீழே, துணியிலிருந்து நன்றாக விலகி வெளி ஓரத்தில் கேஸ் அடுப்பு வைத்துச் சமைக்கலாம். மூடிய டிரைவ்-அவேக்குள் வேண்டாம். பாலியெஸ்டர் தீப்பட்டால் உருகி நொடியில் சுருங்கும், எண்ணெய் சட்டி கவிழ்ந்தால் வெளியே ஓட ஒரே கதவுதான் இருக்கும். காற்றுத் தடுப்புத் தகட்டைச் சிலிண்டரைச் சுற்றி வைக்காதீர்கள், அது சூடேறி ஆபத்தாகும். அடுப்பை மட்டும் மறைக்க வேண்டும். குளிர்காலத்தில் புரோப்பேன் வாங்குங்கள். பியூட்டேன் உறைநிலையை நெருங்கும்போதே ஆவியாக மறுத்துவிடும்.

கரி அடுப்பைப் பற்றி இதைத் தயவுசெய்து எல்லாருக்கும் சொல்லுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் தட்டு பார்பெக்யூவாக இருந்தாலும், அணைந்து சாம்பலாகத் தெரிந்தாலும், குளிர் காய்வதற்காக ஆனிங்குக்குள்ளோ வேனுக்குள்ளோ கொண்டு வரக்கூடாது. அணைந்ததுபோலத் தெரியும் கரி மணிக்கணக்கில் கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கித் தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். இப்படிக் குடும்பங்கள் இறந்த செய்திகள் பிரிட்டனில் வந்திருக்கின்றன. வேனுக்கு ஒன்று, ஆனிங்கில் யாராவது தூங்கினால் அங்கே ஒன்று என்று எச்சரிக்கைக் கருவி வையுங்கள். பெட்டியில் இஎன் 50291-2 என்று இருக்க வேண்டும். அது வேன், படகுகளுக்கான தரம்.

துணியில் எண்ணெய்ப் புகை படிந்தால் வெதுவெதுப்பான தண்ணீரும் ஸ்பாஞ்சும் போதும். சலவைத்தூள் போட்டால் நீர் ஒட்டாத பூச்சு போய்விடும், பிறகு நிக்வாக்ஸ் அல்லது ஃபேப்சில் போன்றதைத் திரும்ப அடிக்க வேண்டி வரும்.

16. ஸ்காட்லாந்துக்குப் போகிறோம். மிட்ஜ் கடி தாங்க முடியாதாமே?

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, மேற்கு ஹைலேண்ட்ஸிலும் ஸ்கையிலும், ஈரமான அமைதியான காலையிலும் மாலையிலும் மிட்ஜ் என்னும் அந்தக் கடிக்கும் குட்டிப் பூச்சிகள் கூட்டமாக வரும். சாதாரணக் கொசுவலையின் துளை அவற்றுக்கு வாசல்தான். மிட்ஜுக்கென்றே சொல்லப்பட்ட நெருக்கமான வலை உள்ள ஆனிங் வேண்டும். சுருள் ஆனிங் மட்டும் வைத்திருப்பவர்கள் மாலையில் வேனுக்குள் அடைந்து கிடக்க வேண்டி வரும்.

மணிக்கு 7 மைலுக்கு மேல் காற்று வீசினால் மிட்ஜ் பறக்காது. அதனால் அங்கே மட்டும் பத்தாவது பதிலில் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்தி, மரமடர்ந்த மறைவைவிட லேசாகக் காற்றாடும் திறந்த இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

17. டிரைவ்-அவேயைக் கழற்றிவிட்டுப் போனால் திரும்பி வந்து அதே இடத்தில் நிறுத்துவது எப்படி?

கிளம்பும் முன் முன்சக்கரமும் பின்சக்கரமும் நிற்கும் இடத்தில், சக்கரத்துக்கு வெளிப்பக்கமாக, நிறமுள்ள முளை அல்லது தட்டையான அடையாளம் வைத்துவிடுங்கள். சமன்படுத்தும் கட்டைகள் போட்டிருந்தால் அவற்றையும் அசைக்காமல் விட்டுப் போங்கள். இணைப்பு நடையைத் தொங்க விடாமல் சுருட்டி, அதன் இரண்டு மூலைகளையும் தரையில் முளை அடித்துக் கட்டுங்கள். வேன் இல்லாதபோது அந்தப் பக்கம் பலவீனமானது, மறைவும் இல்லை. அன்றைக்குப் பலத்த காற்று வரும் என்றால் வேனைக் கழற்றாமல் பஸ்ஸில் போய்விட்டு வாருங்கள்.

18. ஈரமாகவே மடக்கினால் என்ன?

வீடு வரை கொண்டு வரலாம், அப்படியே வைக்கக்கூடாது. இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். அந்தக் கறுப்புப் புள்ளி பிறகு போகாது. ஃபிளாட்டில் இருப்பவர்கள் குளியலறைக் கம்பியில் பகுதி பகுதியாகப் போட்டுக் காய வைக்கலாம். தோட்டம் இருந்தால் அடுத்த வெயில் நாளில் முழுதாகப் போடுங்கள். சுருள் ஆனிங்கும் இப்படித்தான், வீட்டு வாசலில் விரித்துக் காயவிட்டுச் சுருட்டுங்கள்.

19. சாலையோரத்தில் இரவு தங்கும்போது ஆனிங் விரிக்கலாமா? ஸ்காட்லாந்தில் எங்கும் தங்கலாம் என்றார்களே?

ஸ்காட்லாந்தின் 2003 நிலச் சீர்திருத்தச் சட்டம் தரும் உரிமை நடந்தும் சைக்கிளிலும் போய்க் கூடாரம் போடுகிறவர்களுக்கு. மோட்டார் வண்டிக்கு அது பொருந்தாது. லாக் லோமண்ட் பூங்காவின் சில பகுதிகளில் மார்ச் முதல் செப்டம்பர் வரை கூடாரத்துக்கே அனுமதிச்சீட்டு வேண்டும். வேன்கள் ஓர் இரவு அமைதியாக நின்று போவதைப் பல இடங்களில் பொறுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பொறுமை ஆனிங்கும் நாற்காலியும் வெளியே வந்தவுடன் தீர்ந்துவிடும், அது நியாயமும்தான்.

ஸ்பெயினில் இது இன்னும் தெளிவு. அங்குள்ள போக்குவரத்து அதிகாரிகளின் வழிகாட்டுதல்படி சக்கரம் மட்டும் தரையைத் தொட்டு, வெளியே எதுவும் நீட்டாமல் இருந்தால் அது நிறுத்தம், உள்ளே நீங்கள் தூங்கினாலும் சரி. ஆனிங்கை விரித்தால் அது முகாமிடுதல், அபராதம் வரலாம். பிரான்சின் ஏர் எனப்படும் மோட்டார்ஹோம் நிறுத்தங்களிலும் ஆனிங் விரிப்பது பொதுவாக ஏற்கப்படாது. விரிக்க வேண்டும் என்றால் கேம்ப்சைட்டுக்குப் போங்கள்.

20. ஆனிங் மாட்டினால்தான் வண்டிகளைப் பதிவு செய்யும் டிவிஎல்ஏ அலுவலகத்தார் வேனை "மோட்டார் காரவன்" என்று பதிவார்களாமே?

பாதி உண்மை. 2019இலிருந்து அவர்கள் உள்ளே உள்ள படுக்கை, அடுப்பு, மேசையோடு வெளித்தோற்றத்தையும் பார்க்கிறார்கள். சாலையில் பார்த்தால் மோட்டார் காரவன் என்று தெரிய வேண்டும். அந்த வெளி அடையாளங்களில் பக்கவாட்டில் பொருத்திய ஆனிங் பெட்டியும் ஒன்று. ஜன்னல்கள், இரண்டு பக்கமும் படக்கோலம், உயரமான நிலைக்கூரை ஆகியவையும் பட்டியலில் உண்டு. மேலே தூக்கும் கூரை அதில் சேராது. அதனால் டிரான்ஸ்போர்ட்டரை நீங்களே மாற்றியமைத்திருந்தால், ஆனிங் போட்டும் "ஜன்னலுள்ள வேன்" என்றே பதில் வரக்கூடும். இதற்காக மட்டும் ஆயிரம் பவுண்ட் செலவழிக்காதீர்கள். பதிவுப் பெயர் எதுவாக இருந்தாலும் கேம்பராகப் பயன்படுத்தத் தடையில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் செய்த மாற்றங்களை எல்லாம் சொல்லி எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

21. காற்றில் போனால் இன்சூரன்ஸ் கொடுக்குமா?

இரண்டு ஆனிங்கையும் அவர்கள் வேறு வேறாகப் பார்ப்பார்கள். வேனில் பொருத்திய சுருள் ஆனிங் வேனின் பாகமாகச் சேரலாம், ஆனால் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். டிரைவ்-அவே உள்ளே வைக்கும் சாமான் கணக்கில் வரும், அதற்கு உச்சவரம்பு இருக்கும். ஆள் இல்லாதபோது விட்டுப்போன ஆனிங், புயல் சேதம் என்ற இரண்டு வரிகளையும் பாலிசியில் தேடிப் படியுங்கள். தயாரிப்பாளரின் உத்தரவாதத்தில் காற்றுச் சேதம் பொதுவாக வராது. ரசீதையும், முதல் நாள் முழுதாகப் போட்டு எடுத்த படங்களையும் வைத்திருங்கள்.

22. பழையது வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். பலர் ஒரு கோடைக்குப் பிறகு விற்றுவிடுகிறார்கள். ஆனால் பையிலேயே பார்த்து வாங்காதீர்கள், விரித்துக் காட்டச் சொல்லுங்கள். மூக்கால் பூஞ்சண வாசம் பாருங்கள், தையல் பட்டை உரிந்திருக்கிறதா என்று பாருங்கள், வெயிலில் வெளுத்த இடத்தை விரலால் இழுத்துப் பாருங்கள். துணி நைந்திருந்தால் அங்கேயே தெரியும். காற்றுக் குழாயை அடித்து அரை மணி நேரம் நிற்க விடுங்கள். எல்லா ஜிப்பையும் ஒருமுறை ஓட்டுங்கள். ஐந்தாவது, ஆறாவது பதில்களில் சொன்ன உயரத்தையும் கேடரையும் உங்கள் வேனில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். விற்கிறவர் தன் வேனுக்குப் பொருந்தியதைத்தான் சொல்வார்.